வாய் நிறையப் பஞ்சு

“தப்பு!” என்று கத்துவதற்காக வாயைத் திறக்கப் பார்த்தார் புரூஃப் ரீடர். அது ஏற்கெனவே ஆவென்று திறந்துதான் கிடந்தது. இரண்டு கன்னத்திலும் பஞ்சு உருண்டை, உதட்டோரம் எச்சில் உறிஞ்சும் குழாய், தலைக்கு மேல் கண் கூசும் விளக்கு.

திரைக்கு அந்தப் பக்கத்து அறையில் ‘தொம், தொம்’ என்று சத்தம். பல் டாக்டரம்மாவின் ஒன்பது வயது மகள் குதித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஸ்கூல்ல எழுத்துக்கூட்டுற போட்டி சார். உக்காந்து படின்னா தூங்கிடுவா. அதான் எழுத்துக்கு ஒரு குதி, புள்ளி வச்ச எழுத்துக்கு ஒரு கைதட்டல்னு விளையாட்டாக்கிட்டேன். வலிச்சா மட்டும் இடது கையைத் தூக்குங்க.”

இந்த நாற்காலியிலிருந்து அவர் ஏற்கெனவே இரண்டு முறை தப்பியோடியவர். இரண்டாவது தடவை கழுத்தில் கட்டிய துணியோடு பஸ்ஸே ஏறிவிட்டார். இன்று அது நடக்காது. அவருடைய செருப்பைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலை மறித்து மனைவி உட்கார்ந்திருந்தாள்.

காத்திருந்த நேரத்தில் கை சும்மா இருக்காமல், மருத்துவமனைப் படிவத்தில் அச்சாகியிருந்த மூன்று பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒரு நிமிஷம் சார்” என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டு வந்துதான் கையுறையை மாட்டினார்.

“முயற்சி!” என்று இப்போது குரல் கொடுத்தார்.

“மு.” தொம். “ய.” தொம். “சின்ன ர், மேல புள்ளி.” படக். “ச்.” படக். “சி.” தொம்!

“சபாஷ்டி கண்ணு!”

ஒரே சொல்லில் இரண்டு பிழை. அதற்குச் சபாஷ் வேறு! இடது கை தானாக எழுந்தது.

“வலிக்குதா சார்?”

இல்லையென்று தலையாட்டினார். “ங்ஙா… ங்ஙற்…”

“வலிக்கலைன்னா கையைக் கீழ போடுங்க. சமத்துல்ல?”

ஊசி இறங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண் அப்போது ‘வெளிச்சம்’ என்பதற்குச் சிறப்பு ழகரத்தைப் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருஷமாக அச்சகத்தில் பிழை பொறுக்குகிறவர். நிச்சயமானதும் மனைவி எழுதிய முதல் கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பிய மகானுபாவர். அவர் காதில் ‘வெழிச்சம்’!

பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாளைக்கு அந்தக் குழந்தை மேடையில் ஏறி, இதே சந்தோஷத்தோடு சின்ன ர் போடும். சபை முழுக்கச் சிரிக்கும். எல்லாம் தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த பாவம் தன்னைச் சும்மா விடுமா?

மார்மேல் கிடந்த துணியில் விரலால் பெரிய ‘ற’ எழுதிக் காட்டினார்.

“அரிக்குதா சார்? நான் சொறிஞ்சு விடட்டுமா?”

கண்ணோரம் நீர் வழிந்தது.

“கண்ணு, இதான் கஷ்டமான வார்த்தை. நிதானமாச் சொல்லு… எழுத்துப்பிழை!”

“எ.” தொம். “லு.” தொம். “த்.” படக். “து.” தொம். “ப்.” படக். “பி.” தொம். “ளை!” தொம்!

வேறெந்தச் சொல்லாக இருந்தாலும் உயிர் தங்கியிருக்கும். குழாயைப் பிடுங்கி எறிந்து, பஞ்சைத் துப்பி, எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “ழு! ழை!” என்று அவர் போட்ட கூச்சல், மரத்த நாக்கில் ‘லு, லை’ என்றுதான் வெளியே வந்தது.

“பதறாதீங்க சார். இதைப் பாருங்க.” டாக்டரம்மா தட்டை நீட்டினார். அதில் அவருடைய கடைவாய்ப் பல், மூன்று வேரோடு.

“எப்போ?”

“இப்பதான். நீங்க கவனிக்கலையா?”

“பல்லு கிடக்கட்டும் டாக்டரம்மா! குழந்தையைக் கூப்பிடுங்க. ஒரு மணி நேரம் உக்காந்து சொல்லித்தரேன். ஃபீஸெல்லாம் வேண்டாம். பாவம், நாளைக்கு நாலு பேர் முன்னாடி அது அழக்கூடாது.”

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். திரை விலகியது. குதித்து வேர்த்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

“அம்மா, அடுத்து வர்றவர் கணக்கு வாத்தியாராம். வாய்ப்பாட்டைத் தப்பாச் சொல்லட்டுமா?”