அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்த மேஜை

மணப்பெண் சிரித்த முகம் மாறாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

“தூண் பக்கத்து மேஜை, சார். எங்கப்பாவும் பெரியப்பாவும். ரெண்டு பேரும் பேசி வருஷக்கணக்காச்சு. ஒரே ஒரு வார்த்தை பேச வச்சிடுங்க, போதும்.”

அதற்குள் யாரோ படம் எடுக்கக் கூப்பிட, மாப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஜிக்காரர் பெருமூச்சு விட்டார்.

கல்யாண வரவேற்புகளில் மேஜை மேஜையாகப் போய், விருந்தாளிகளின் மூக்குக்கு முன்னாலேயே சீட்டையும் காசையும் மறைத்துக் காட்டுவது அவர் பிழைப்பு. மணப்பெண்கள் என்னென்னவோ கேட்பார்கள். மோதிரம் ரோஜாப் பூவுக்குள்ளிருந்து வர வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளையின் அத்தை வாயடைத்துப் போக வேண்டும் என்பார்கள். மூடிய வாயைத் திறக்க வைக்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மத்தியானத்திலிருந்து நின்றபடியே இருந்தார். குதிகாலில் தொடங்கிய வலி முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஒட்டவைத்த சிரிப்பு கன்னத்தை இழுத்தது.

போனார்.

அந்த மேஜையில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டிருந்தார்கள். மிஞ்சியது அண்ணனும் தம்பியும்தான். ஒரே மூக்கு, ஒரே வழுக்கை. பார்வை மட்டும் ஆளுக்கொரு திசையில். நடுவில் ஒரு காலி நாற்காலி, அதன் மேல் யாருடையதோ கைப்பை.

மணப்பெண்ணின் அப்பாவிடம் சீட்டுக்கட்டை நீட்டினார். அவர் ஒன்றை உருவினார். அதை அண்ணனிடம் காட்டச் சொன்னதும், மேஜை மேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காசு கைக்கு வந்ததும் காணாமல் போவது உங்கள் வீட்டிலும் நடக்கிறதுதானே என்று, ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லி அவருக்கே புளித்துப்போன ஜோக்கைச் சொன்னார். ஒரு பக்கமும் பல் தெரியவில்லை.

கடைசியாகப் பையிலிருந்து ஒரு காசை எடுத்தார். பெரிய வெள்ளிக்காசு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் செய்துகாட்டும் வித்தை அது. காசு வலது கையிலிருந்து இடது கைக்குப் போவது போலத் தெரியும், போகாது. மூடிய இடது கையை ஊதித் திறந்தால் வெறும் கை. பிறகு அண்ணனின் காதோரத்திலிருந்து காசை எடுத்து, தம்பியின் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

இடது கையை மூடினார். அதன் மேல் ஊதினார்.

ணங்கென்று ஒரு சத்தம்.

காசு வலது கையிலிருந்து நழுவி, தரையில் விழுந்து, இரண்டு ஜோடி ஷூக்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் படுத்தது.

தம்பி கைகொட்டிச் சிரித்துவிட்டார். “அண்ணே, பாத்தியா! அந்தக் கையிலயே வச்சிருந்திருக்காரு!”

“நான் அப்பவே பாத்துட்டேன்டா,” என்றார் அண்ணன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் காசை எடுக்கக் குனிந்தார். பாதிக் குனிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“நீ குனியாதேண்ணே. இரு, நான் எடுக்கறேன்.”

தம்பி மேஜைத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். காசோடு எழுந்தவர், கைப்பையைத் தள்ளிவிட்டு நடு நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

அப்புறம் இருவரும் சேர்ந்து மேஜிக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். இன்னொரு தடவை செய்யச் சொன்னார்கள். அவர் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டிக்கொண்டேன் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். விடுவார்களா? தம்பி தண்ணீர் பாட்டில் மூடியை வைத்துத் தானே செய்துகாட்ட, அப்படியில்லை என்று அண்ணன் அதைப் பிடுங்கினார்.

பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். தொழிலில் மேஜிக்காரர் இத்தனை வருடம் காப்பாற்றிய மானம் ஒரு நொடியில் கப்பலேறியது. அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடியே பின்வாங்கினார்.

மணப்பெண் உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல் வரை ஓடிவந்தாள். கண் மை கரைந்திருந்தது.

“வேணும்னேதானே கீழ போட்டீங்க?”

அவள் தோளுக்குப் பின்னால், தூணருகே, இரண்டு வழுக்கைத் தலைகள் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தன.

“பின்னே?” என்றார் மேஜிக்காரர்.

“என் தோழிக்கு அடுத்த மாசம் கல்யாணம், சார். அவ அத்தைங்க ரெண்டு பேரும் இப்படித்தான். உங்க நம்பரைக் குடுக்கட்டுமா?”

“தாராளமா குடும்மா.”

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வலது கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டார். மோதிர விரலைக் கிள்ளிப் பார்த்தார். சுண்டு விரலைக் கிள்ளினார். நகம் பதியும்படி இன்னும் அழுத்திக் கிள்ளினார்.

காசு நழுவியதை அந்த விரல்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான், மற்றவர்களோடு சேர்ந்து அவருக்கும் தெரிந்தது.