ஓர் இழை குறைந்த லுங்கி

“உங்க வூட்டுக்காரரு உயிரோடதான் கீறாரும்மா. நகரியில நெசவாளர் பென்சன் வாங்கினுகீறாரு” என்றார் கிளார்க் பரந்தாமன்.

மனுவை நீட்டிய பிரபாவதியின் கை அப்படியே நின்றுவிட்டது.

எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு ரூபாயைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கத்தான் அவள் மகளோடு பொதட்டூர்பேட்டையில் பஸ் ஏறித் திருத்தணி தாலுகா ஆபீசுக்கு வந்திருந்தாள். ஏழு வருஷம் வாங்கிய விதவை உதவித்தொகை அது. தகுதியில்லாமல் வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் வந்தது. ஏன் தகுதியில்லை என்று அதில் ஒரு வரி இல்லை. போன வருஷம் கூரையைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டது யார் கண்ணையோ உறுத்திவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தறி ஓட்டுகிற கூலியில் அவ்வளவு பணத்தைக் கட்ட இந்த ஜென்மம் போதாது. மகள் கயல்விழிதான் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தாள். ‘கணவரை இழந்து, கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்’ என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

இழக்கவே இல்லை என்கிறார் இந்த மனுஷன்.

“இல்லீங்க. அரக்கோணத்துல, தண்டவாளத்துல... நான்தான பாத்துச் சொன்னேன்.”

முகம் என்று ஒன்று மிச்சமில்லை அன்றைக்கு. போலீஸ்காரர் லுங்கியைத்தான் காட்டினார். பச்சைக் கட்டம், ஓரத்தில் சிவப்புக் கோடு. இருபது வருஷமாகத் தறியோடு கிடப்பவளுக்குத் தான் நெய்த துணி தெரியாதா? சிவப்புக் கோட்டில் ஓர் இழை குறையும், பாருங்கள் என்றாள். விரித்துப் பார்த்தார்கள். குறைந்தது. அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்? கஜபதிதான் என்று எழுதி, மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சீட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டு, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கஜபதி பச்சைக் கட்ட லுங்கியோடு வீட்டைவிட்டுப் போன மூன்றாம் நாள் அது.

இப்போது பரந்தாமனின் மேஜைக்கு முன்னால்தான் அவளுக்கு அது உறைத்தது.

அந்த இழை குறைந்தது பாவில், தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில். பாவில் ஓர் இழை குறைந்தால், அந்தப் பாவில் நெய்து இறக்குகிற லுங்கி அத்தனையிலும் அந்த இழை குறையும். மொத்தம் அறுபது லுங்கி. முதலாளி அவள் கூலியில் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கென்று ஒன்றை அவளிடம் வீசிவிட்டு, மீதியை அரக்கோணத்துச் சந்தையில் அரை விலைக்குத் தள்ளினார். நேற்று தறியில் உட்கார்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரிந்திருக்கும். அழுகிற கண்ணுக்குப் பாவு ஏது, ஊடை ஏது?

அப்படியென்றால் கொள்ளி வைத்தது யாருக்கு?

அமாவாசை தவறாமல் இலை போட்டுப் படைத்தது எந்த ஊர்க்காரனுக்கு? அவன் பெண்டாட்டி எந்த வாசலில் உட்கார்ந்து இன்னும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?

கஜபதியோ ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்திருக்கிறான், பாவி. இவன் உயிரோடு இருக்கும்போதுதான் அவள் தாலியைக் கழற்றி வைத்தாள். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பரந்தாமன் நல்ல மனுஷன். தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். ஆதார் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தார்களாம்.

“தெரியாம வாங்கினதுன்னா தள்ளுபடிக்கு வழி கீதும்மா. எனக்கும் தெரியாது, என் குடும்பத்துல யாருக்கும் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. மேல அனுப்பி வைக்கிறேன்.”

பிரபாவதி தலையாட்டினாள். சத்தியமாகத் தெரியாது. சாமி மலை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, வேண்டுமானால் ஏறி நின்று சூடம் அணைத்துச் சொல்வாள்.

“இன்னொண்ணு. அங்க அவரு ஒரு போன் நம்பர் குடுத்துகீறாரு. போன தை மாசம்தான் குடுத்தது. யாருதுன்னு பாருங்க.”

தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். அவர் ஆறு எண் படிப்பதற்குள் மீதி நான்கும் பிரபாவதியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர். அவசரத்துக்கு யாரிடமாவது போன் வாங்கினால் அவள் அழுத்துகிற நம்பர்.

ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்து ஜெராக்ஸ் கடை தெரிந்தது. கஜபதியின் இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு நின்றாள் கயல்விழி.

பிரபாவதி அந்த நான்கு எண்களையும் விழுங்கினாள்.

“தெரியாதுங்க” என்றாள்.

பேனாவை வாங்கி, என் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவள் வராந்தாவுக்கு வந்ததும் மகள் எதிரே ஓடி வந்தாள்.

“என்னாம்மா சொன்னாங்க?”

பிரபாவதி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“உடம்பு எப்படிக் கீதாம்?” என்று கேட்டாள்.

யாருக்கு என்று கயல்விழி கேட்கவில்லை.