தொட்ட காய்

மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தும் செஸ் கடிகாரங்களின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. முதல் மேஜையில் சண்முகவேல். வயது அறுபத்திரண்டு, தி. நகரில் ஜவுளிக்கடை. கடை மாடியில் மைத்துனரோடு முப்பது வருஷம் சதுரங்கம் ஆடியவருக்கு இதுதான் முதல் போட்டி. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை. எதிரே கணக்கு வாத்தியார் ஸ்ரீரங்கன் தலையே நிமிர்த்தவில்லை. அவருடைய கறுப்பு யானை மட்டும் ஆளில்லாத வரிசையில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெண்டிலேட்டர் வழியாக விழும் வெயில் பலகையை விட்டு மெல்ல இறங்குகிறது. மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் சண்முகவேலின் ராஜா. ஒரு சிப்பாயைத் தள்ளினால் போதும், ராஜாவுக்கு மூச்சுவிட வழி கிடைக்கும். ஆனால் கடை மாடி ஆட்டத்தின் விதிப்படி, செக்கே வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். முப்பது வருஷப் பழக்கத்தில் கை போய் ராஜாவின் தலையைப் பிடிக்கிறது. பிடித்த பிறகுதான் உறைக்கிறது, இந்த ஹாலில் ராஜா தாவ முடியாது.

“சரியா வைக்கத்தான் தொட்டேன்,” என்கிறார். தன் குரலே அவருக்கு யாருடையதோ போல இருக்கிறது.

“அதைத் தொடறதுக்கு முன்னாடின்னா சொல்லணும், சார்,” என்கிறார் ஸ்ரீரங்கன், ரொம்ப மரியாதையாக.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். ராஜாவுக்குத் திறந்திருப்பது மூலைக் கட்டம் ஒன்றுதான். அங்கே போனால், யானை கடைசி வரிசைக்கு இறங்கியதும் ஆட்டம் முடிந்துவிடும். வியர்த்த விரல்கள் ராஜாவைத் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. ஸ்ரீரங்கன் பேனா மூடியைத் திறந்து, யானை அடுத்துப் போகப்போகும் கட்டத்தை இப்போதே தாளில் எழுதி, அடியில் கோடு கிழிக்கிறார்.