கருங்கோழிக்குப் புதுக் கொட்டாய்

"டேய் ஏசுதாஸ், கோழி மேல இருமாதடா! உன்னாலதான் அதுங்க தும்முது" என்று கத்தினார் ஜல்லி கிரஷர் முதலாளி பரணிதரன்.

ஆசையாய் வாங்கிய கருங்கோழிகள். ஒன்று செத்தாலும் ஏசுதாசுக்கும் அவன் பெண்டாட்டி ரூத்துக்கும் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

படாளத்திலிருந்து வந்த கால்நடை டாக்டர், கிரஷரை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்குள் தலையை விட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இது ஒட்டுற நோயில்ல சார். கல்லுத் தூசி நெஞ்சுல எறங்குது. இனி ஒரு ராத்திரிகூட இங்க வைக்காதீங்க."

பொழுது சாய்வதற்குள் பங்களாவுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் காற்றோட்டமாகப் புதுக் கொட்டாய் எழும்பிவிட்டது.

காலையில் கோழியைப் பார்க்க வந்த முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டாயில் பாதி இடத்தில் பாய், பானை, அடுப்பு. ரூத் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது? உங்கள யாரு இங்க வரச் சொன்னது?"

"டாக்டருங்க."

"அவரு கோழிக்குச் சொன்னாரு!"

"கோழிங்க கெடந்தது எங்க வூட்டு மூலையில சார். அதுங்க வந்தது போன மாசம். நாங்க கல்யாணத்துலேருந்து அங்கதான் படுத்துகினு கீறோம்."

டம்ளரை ஏசுதாசிடம் நீட்டிவிட்டு நிமிர்ந்தாள். "எங்கள மட்டும் திரும்பிப் போவச் சொல்லணும்னா, அந்த டாக்டரையே கூட்டிகினு வந்து சொல்லச் சொல்லுங்க."