மீன் குழம்புக்கு ஒரு சீன ஊசி

“சீன வைத்தியம் எண்டியள், இவ டேனிஷ்காரியெல்லோ அண்ணை?”

அந்தோனிதாசன் காதோடு காதாகக் கேட்டான். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருந்த அந்தச் சின்ன அறைக்கு அவனைக் காரில் ஏற்றிவந்த பேனாட்டுக்கும் உள்ளூர ஏமாற்றம்தான். வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவரை எதிர்பார்த்திருந்தார் மனுஷன்.

“பீக்கிங்கில படிச்சவவாம். கையை நீட்டடா!”

ஆஸ்பத்திரி டொக்டர் சம்மதித்தாரா என்று கேட்டுவிட்டுத்தான் அவள் அவனைத் தொட்டாள். அவனுடைய புற்றுநோய்க்கு அங்கே ஏற்றுகிற மருந்துதான் மருந்து, இந்த அக்குபங்சர் ஊசி வயிற்றுக் குமட்டலுக்கு மட்டும் என்று டேனிஷில் கறாராகச் சொன்னாள்.

“எனக்கு அது காணும் அண்ணை. சனிக்கிழமை மனிசி வாறா. அவ சமைக்கிற முதல் சாப்பாட்டை நான் சத்தியெடுத்தால் எல்லாம் பிடிபட்டுப்போம்!”

அவன் பதறாமல் என்ன செய்வான்? கொப்பன்ஹேகனில் யாரோ ஒருவருடைய மேசையில் தூங்கிக் கிடந்த விசா விண்ணப்பம், மந்திரி மாறிய பிறகுதான் கண் விழித்திருந்தது. ஐந்து வருடமாக ஊரில் காத்திருந்த மனைவி விமலராணியிடம் நோயைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

“எப்பதான் சொல்லப்போறாய்?”

“ஒரு கிழமையாவது சிரிச்சுக்கொண்டிருக்கட்டும் அண்ணை. பிறகு சொல்லுறன்.”

சனிக்கிழமை வந்தே விட்டது. இக்காஸ்டில் இருந்த அவன் வீட்டுக்குள் நுழைந்த விமலராணி, பெட்டியைக்கூட முழுதாகத் திறக்காமல் சமைக்கக் குசினிக்குள் புகுந்தாள்.

“வீட்டுக்குள்ளயும் கம்பளித் தொப்பியோ?”

“இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்,” என்றான் அவன். பேனாட் அவசர அவசரமாகத் தன் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டார்.

மீன் குழம்பு மேசைக்கு வந்தது. அந்தோனிதாசன் தன் பெயருக்குரிய புனிதரை மனதுக்குள் கூப்பிட்டபடி முதல் வாயை விழுங்கினான். வயிறு சத்தம் போடவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது. எழும்பி ஆடவேண்டும் போலிருந்தது அவனுக்கு. அந்த டேனிஷ்காரி நூறு வயது வாழட்டும்!

“எப்பிடி இருக்கு?”

“அந்தமாதிரி! உப்பு, புளி, உறைப்பு எல்லாம் கச்சிதம். இன்னும் கொஞ்சம் விடும்!”

ஆசையோடு ஒரு வாய் வைத்த பேனாட், மெல்லுவதை நிறுத்திவிட்டு முகட்டைப் பார்த்தார்.

விமலராணி குழம்பை அள்ளி விட்டாள். பிறகு அவனுடைய தொப்பியை மெல்லக் கழற்றி, மொட்டைத் தலையைத் தடவினாள். கண்ணீர் வழிய வழிய, அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

“தொப்பி போட்டனியள், புருவத்துக்கு என்ன போட்டனியள்? எயார்போட்டிலேயே கண்டிட்டன். மகரகம கான்சர் ஆஸ்பத்திரியில இதே மருந்து ஏத்தேக்க எங்கட மாமாவுக்கும் புருவம் கொட்டினது, நாக்கும் செத்துப்போனது. அதுதானப்பா, குழம்புக்கு ஒரு கல் உப்பும் போடாமல் வைச்சுப் பார்த்தனான்!”