தட்டிய கை

ஒன்றியக் குழுக் கூட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தருமபுரியிலிருந்து வரவழைத்த பிரியாணியின் வாசம் அரங்குக்குள் வந்துவிட்டது. எழுத்தர் தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசிக்கிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் உறுப்பினர்கள் கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் மேஜையைத் தட்டுகிறார்கள். தட்டினால் சம்மதம், இங்கே அதுதான் வழக்கம். கடைசி வரிசையில் மலைக்கிராமத்து உறுப்பினர் பொன்னுருவி. மழையில் அறுந்துபோன மலைப்பாதையைப் பற்றிப் பேசவென்றே விடியலில் நடந்து இறங்கி வந்திருக்கிறாள். சேலை விளிம்பில் செம்மண் சேறு இன்னும் காயவில்லை. பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடியே, மற்றவர்கள் தட்டும்போதெல்லாம் அவளும் தட்டுகிறாள். எழுத்தர் காகிதங்களை மூடுகிறார். அவள் பதறி எழுகிறாள். “எங்க மலை ரோட்டப் பத்தி எப்பங்க எடுப்பீங்க?” எழுத்தர் நிமிர்கிறார். “அது முடிஞ்சிருச்சேம்மா. அந்த ரோட்டு நிதியில ஆபீசுக்குக் கார் ஷெட்டு கட்டறதுன்னு இப்பத்தானே வாசிச்சேன்.” “அதுக்கு யாருங்க ஒத்துக்கிட்டது?” முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். தலைவருக்குக் கோபமே வரவில்லை. தங்கையிடம் பேசுவதுபோல அத்தனை கனிவாகச் சொல்கிறார்: “எல்லாருந்தாம்மா. நீங்களுந்தான தட்டுனீங்க.” பொன்னுருவி மேஜைமேல் ஊன்றியிருக்கும் தன் வலது கையைப் பார்க்கிறாள். அந்தக் கைக்குப் பக்கத்தில், சூடு ஆறாத பிரியாணிப் பொட்டலம் ஒன்றை யாரோ வைத்துவிட்டுப் போகிறார்கள்.