யானைக்கும் ஒரு கல்

காட்டு விலங்குகள் சேர்ந்து ஓர் ஊற்றைத் தோண்டி வைத்திருந்தன. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். குடித்தவர்கள் மனமுவந்து தந்த தானியம் ஒரு மரப்பொந்தில் சேர்ந்தது. வேலை செய்பவர்களுக்கு அதுதான் சாப்பாடு. எந்த வேலைக்குச் செலவிடுவது என்பதைத் தோண்டியவர்கள் கல் போட்டு முடிவு செய்வார்கள். எண்ணிச் சொல்வது முள்ளம்பன்றி.

அந்தக் கோடையில் யானை, "மூங்கில் காடுவரை வாய்க்கால் வெட்டுவோம், என் குட்டிகள் தவிக்கின்றன" என்றது.

"ஊற்றின் கரை வெடித்திருக்கிறது. முதலில் அதை அடைக்கணும்" என்றது தவளை.

"பொந்தில் இருக்கும் தானியத்தில் பாதி நான் கொடுத்தது. எனக்கு எத்தனை கல்?" என்றது யானை.

"ஒன்றுதாங்க" என்றது முள்ளம்பன்றி.

"தவளைக்கு?"

"அதுக்கும் ஒன்றுதான்."

மற்ற எல்லோரும் கல் போட்டு முடித்தபோது இரண்டு குவியலும் சமமாக இருந்தன. தவளை மட்டுமே பாக்கி. அது யானையின் கால்களுக்கு நடுவே தத்திப் போய், கரைக்கான குவியலில் தன் கல்லைப் போட்டது.

முள்ளம்பன்றி இரண்டு தரம் எண்ணியது. "கரைதான்" என்றது.

யாரும் அசையவில்லை. யானை ஒரு மிதி மிதித்தால் ஊற்றே தூர்ந்துவிடும்.

யானை அந்தக் குவியல்களைப் பார்த்தபடி நின்றது. பிறகு தும்பிக்கையைத் தாழ்த்தி, தவளையிடம் கேட்டது: "மண் எங்கே எடுக்கணும்?"

தவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் தத்தியது. யானை அதன் பின்னால் மெல்ல அடியெடுத்து வைத்து நடந்தது.

பயம் போய்விட்டது. ஆனாலும் முள்ளம்பன்றியின் முட்கள் வெகுநேரம் சிலிர்த்தபடியே நின்றன.